இங்கே பேசுவது யார்?



 

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு சகோதரர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அவருடைய தங்கைக்கு அதே பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. பகல் ஷிப்டு, போக வர கம்பெனி பஸ் உண்டு. வீட்டில் எல்லோரும் சம்மதித்துவிட்ட நிலையில் தாய்மாமா மட்டும் கூடாது என்று நிற்கிறாராம். அவர் எடுத்து வைக்கும் ஆதாரம் ஒன்றே ஒன்றுதான்: பெண்களின் சூழ்ச்சி மிகப் பெரியது என்று அல்லாஹ்வே குர்ஆனில் சொல்லிவிட்டான், அதற்கு மேல் பேச்சென்ன என்கிறாராம். "உண்மையில் அல்லாஹ் அப்படிச் சொல்லியிருக்கிறானா? இருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்" என்று அந்தச் சகோதரர் கேட்கிறார்.

பெண் வேலைக்குப் போவதற்கு மார்க்கம் என்னென்ன நிபந்தனைகள் வைத்திருக்கிறது என்பது தனி விஷயம். பிக்ஹு நூல்களில் அதற்கென்று சட்டங்கள் இருக்கின்றன. ஊர் ஆலிமிடம் உட்கார்ந்து கேட்டுத் தெளிந்து கொள்ளட்டும். நாம் இன்று பேசப் போவது அந்த ஆதாரத்தைப் பற்றி மட்டும்தான். ஏனென்றால் இந்த ஒரு வாசகம் அந்தத் தாய்மாமாவோடு நிற்கவில்லை. கல்யாண வீட்டில், பஞ்சாயத்தில், சில சமயம் மிம்பரின் படியிலிருந்தும்கூட "அல்லாஹ் சொல்கிறான்" என்ற முகவுரையோடு இது ஓதப்படுகிறது. கேட்கின்ற பெண் தலையைக் குனிந்துகொள்கிறாள். தன்னைப் படைத்தவனே தன் இனத்தைப் பற்றி இப்படித் தீர்ப்பளித்துவிட்டான் என்று எண்ணி அவள் மனம் உடைந்தால், அந்தப் பாரத்தை மறுமையில் சுமப்பது யார்?

வாருங்கள், ஆயத்தைத் திறந்து பார்ப்போம். ஸூரா யூஸுப், பன்னிரண்டாவது அத்தியாயம், 28-ஆம் ஆயத்து.

மிஸ்ரு நாட்டு அஜீஸின் மாளிகை. கதவுகள் அடைக்கப்பட்டிருக்கின்றன. அஜீஸின் மனைவி, இளைஞரான யூஸுப் (அலை) அவர்களை அழைக்கிறார். அப்போது அவர் பேசியது முன்னிலையில். "உனக்காக" என்று நேருக்கு நேர் பேசினார். யூஸுப் நபி அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியவர்களாக வாசலை நோக்கி ஓடுகிறார்கள். பின்னாலிருந்து பிடித்து இழுத்ததில் சட்டை கிழிகிறது. கதவு திறந்தால் எதிரே கணவர்!

இந்த இடத்தில் பேச்சு எப்படித் திரும்புகிறது பாருங்கள். ஒரு நொடிக்கு முன் "உனக்காக" என்றவர், இப்போது அதே மனிதரைப் பெயர் சொல்லாமல், உமது வீட்டாருக்குத் தீங்கு நாடியவனுக்கு என்ன தண்டனை என்று கணவரிடம் படர்க்கையில் கேட்கிறார். யூஸுப் நபியும் அவரைப் பார்த்து "நீ" என்று சொல்லவில்லை. "ஹிய" — அவள்தான் — என்று படர்க்கையிலேயே பதில் சொல்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் பாராமல் மூன்றாமவரிடம் முறையிடுகிறார்கள். ஒரு வார்த்தை மாறியதிலேயே அந்த அறையின் நிலைமை முழுவதும் நம் கண்முன் வந்துவிடுகிறதல்லவா?

பிறகு அவர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் வழி சொல்கிறார்: சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது மெய், பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது மெய். சட்டை பின்புறம் கிழிந்திருப்பதை அவர் கண்டபோது, அவர் கூறினார் என்று ஆயத்து வருகிறது. கூறியவர் யார்? கணவரான அஜீஸ் என்பார் பலர். சாட்சி சொன்னவர் என்பாரும் உண்டு. இரண்டில் எதுவானாலும் சட்டையைக் கண்ணால் பார்த்த ஒரு மனிதர். அவர் சொன்னதுதான் நம் தாய்மாமா ஓதுகின்ற அந்த வாசகம்!

அதிலுள்ள பிரதிப் பெயரைக் கவனியுங்கள். அரபியில் "குன்ன" என்று இருக்கிறது. முன்னிலை, பன்மை, பெண்பால். நம் தமிழில் "அவன், அவள்" என்று படர்க்கையில் ஆண் பெண் வேறுபாடு உண்டே தவிர "நீ, நீங்கள்" என்பதில் கிடையாது. அதனால் தமிழில் எழுதும்போது "பெண்களாகிய உங்கள்" என்று விரித்தாக வேண்டியிருக்கிறது. பயானில் சொல்லும்போது வேகத்தில் "உங்கள்" உதிர்ந்துவிடுகிறது. "பெண்களின் சூழ்ச்சி" என்று மட்டும் நிற்கிறது. "உங்கள்" இருந்தவரை அது ஒரு மனிதர் எதிரே நிற்பவரிடம் கோபத்தில் சொன்ன பேச்சு. அது உதிர்ந்த பிறகு அண்டசராசரத்துக்கும் பொதுவான தீர்ப்பு போலத் தோன்றுகிறது. அடுத்த ஆயத்திலேயே அதே மனிதர் யூஸுபை நோக்கி ஆண்பால் ஒருமையிலும், மனைவியை நோக்கிப் பெண்பால் ஒருமையிலும் பேசுகிறார். உன் பாவத்துக்கு மன்னிப்புக் கேள் என்கிறார். ஆக, இது ஒரு வீட்டின் வாசலில் நடந்த உரையாடல்.

"என்ன ஹஜ்ரத், குர்ஆன் முழுவதும் அல்லாஹ்வின் கலாம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். ஆம்! சந்தேகமில்லை. அதன் ஒவ்வோர் எழுத்துக்கும் பத்து நன்மை என்று நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றிருக்கிறார்கள். அந்த நன்மை இந்த ஆயத்தை ஓதினாலும் உண்டு. ஆனால் தானே மிக உயர்ந்த இரட்சகன் என்று பிர்அவ்ன் கூவியதும் குர்ஆனில் இருக்கிறது. நெருப்பால் படைக்கப்பட்ட நான் மண்ணால் படைக்கப்பட்ட ஆதமைவிட மேலானவன் என்று இப்லீஸ் பெருமையடித்ததும் இருக்கிறது. அவற்றை ஓதிவிட்டு "அல்லாஹ் சொல்கிறான்" என்று யாராவது முடிப்போமா? அவை அவர்கள் சொன்னதாக அல்லாஹ் நமக்கு எடுத்துரைப்பவை. பிர்அவ்னிடத்தில் நாம் காட்டுகிற எச்சரிக்கையை அஜீஸிடத்தில் காட்டாமல் விட்டோமே, ஏன்? அவர் சொன்னது நம்மில் சிலருக்கு இனித்தது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு வாக்கியம் ஓதியவுடன் உஸ்தாத் கேட்கும் முதல் கேள்வியே "இந்த ளமீர் யார் பக்கம் மீளுகிறது?" என்பதுதான். ளமீர் என்றால் பிரதிப் பெயர். தமிழில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்கிறோம். அரபி இலக்கணத்தார் முதகல்லிம், முகாத்தப், காயிப் என்பர். பேசுகிறவர், பேசப்படுகிறவர், மறைந்திருப்பவர் என்று பொருள். "காயிப்" என்ற பெயரிலேயே ஓர் அழகு இருக்கிறது. அவன் என்று ஒருவரைச் சொல்லும்போது அவர் நம் முன் இல்லை.

அன்றாடம் பதினேழு ரக்அத்து பர்ளிலும் நாம் ஓதுகிற பாத்திஹா ஸூராவை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். தொடக்கத்தில் அல்லாஹ்வைப் புகழும் பகுதி முழுவதும் படர்க்கை: அவன் அகிலங்களின் இரட்சகன், அருளாளன், தீர்ப்பு நாளின் அதிபதி. பிறகு சட்டென்று "இய்யாக்க" — உன்னையே! மறைவில் இருப்பவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அடியான், இப்போது அவன் சந்நிதானத்தில் நின்று அவனோடு பேசுகிறான். இப்படி இடம் மாறிப் பேசுவதை "இல்திபாத்" என்பார்கள். முகத்தைத் திருப்புதல் என்று பொருள். ஹிஜ்ரி 538-ல் மறைந்த ஜமக்ஷரீ தமது கஷ்ஷாபில் இந்த இடத்தை எடுத்துக்கொண்டு விளக்குகிறார். தொழுகை தனக்கும் தன் அடியானுக்கும் இடையே இரு பாதியாகப் பங்கிடப்பட்டதென்று அல்லாஹ் கூறுவதாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸில், அந்தப் பங்கின் நடுக்கோடு இந்த "இய்யாக்க" ஆயத்தில்தான் விழுகிறது.

இங்கே தமிழுக்கென்று ஒரு பாக்கியம் உண்டு. அரபியில் "நஹ்னு" ஒன்றே. உருதுவிலும் ஹிந்தியிலும் "ஹம்", வங்காளியில் "ஆம்ரா". நமக்கோ "நாம்" வேறு, "நாங்கள்" வேறு. "நாம போவோம்" என்றால் கேட்பவரும் சேர்த்தி. "நாங்க போறோம்" என்றால் கேட்பவர் நீங்கலாக. கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். தெலுங்கிலும் "மனமு" வேறு, "மேமு" வேறு. வடக்கிலிருந்து வந்து உங்கள் பக்கத்தில் ஸப்பில் நிற்கும் சகோதரரின் மொழியில்தான் இந்தப் பிரிவு இல்லை. அதனால் பாத்திஹாவைத் தமிழில் சொல்லும்போது "உன்னையே நாம்" என்று சொல்லிவிட்டால் பெரும் பிழை; வணங்கப்படுகிறவனையும் வணங்குகிறவர்களோடு சேர்த்ததாகிவிடும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் "நாங்கள்" என்றே எழுதியிருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக!

ஆனால் அல்லாஹ் தன்னைப் பன்மையில் குறிப்பிடும் இடங்களில் அதே மொழிபெயர்ப்பாளர்கள் "நாம்" என்று போடுகிறார்கள். 1943-ல் நிறைவெய்திய அப்துல் ஹமீது பாகவி அவர்களின் தர்ஜமாவை எடுத்தாலும், பின்னால் வந்தவற்றை எடுத்தாலும் அப்படித்தான். இது கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் "நாம்" அல்ல. அரசாணையில் வருகிற "நாம்". தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் முதலாம் இராசராசன் தான் ஒருவன் கொடுத்ததையும் "நாம்" கொடுத்ததாகவே பொறித்திருக்கிறான். மண்ணாளும் ஒருவனுக்கே அந்த வழக்கு பொருந்துமானால் விண்ணும் மண்ணும் ஆள்பவனுக்குப் பொருந்தாதா? வேதத்தை இறக்கியதையும் அதைப் பாதுகாப்பதையும் (15:9) "நாம்" என்று சொல்லும் அல்லாஹ், ஜின்களையும் மனிதர்களையும் எதற்காகப் படைத்தான் என்று கூறுமிடத்தில் (51:56) "என்னை" வணங்குவதற்காக என்று ஒருமைக்கு வந்துவிடுகிறான். வணக்கத்தில் பங்கு கிடையாது.

உடன் வேலை பார்க்கும் மாற்று மதச் சகோதரர் சாப்பாட்டு நேரத்தில் கேட்பதுண்டு: "உங்கள் நபியை அவர்கள் என்கிறீர்கள், கடவுளை மட்டும் அவன் என்கிறீர்களே?" என்று. "அவர்கள்" மரியாதைதான், ஆனால் வடிவத்தில் பன்மை. ஏகனுக்கு ஒருமையே பொருத்தம் என்று நம் முன்னோர் கொண்டார்கள். சைவரும் வைணவரும்கூடத் தம் கடவுளை "அவன்" என்று அழைக்கும் தமிழ் இது. பணிவாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

சொல்ல வந்ததற்குத் திரும்புவோம். பேசுபவர் யார் என்ற அறிவிப்பே இல்லாமல் பேச்சு மாறும் இடங்களும் குர்ஆனில் இருக்கின்றன. ஸூரா மர்யமின் 64-ஆம் ஆயத்தில், உமது இரட்சகனின் கட்டளையின்றி நாங்கள் இறங்குவதில்லை என்ற பொருளில் ஒரு வாசகம் வருகிறது. முன்னும் பின்னும் "கூறினார்" என்று இல்லை. மற்ற இடங்களில் பழகிப்போன அல்லாஹ்வின் "நாம்" என்று எண்ணி ஒருவர் வாசித்தால் அர்த்தமே கவிழ்ந்துவிடும். அல்லாஹ் யாருடைய கட்டளைக்குக் காத்திருப்பான்? அங்கே பேசுபவர் ஜிப்ரீல் (அலை) அவர்கள். இன்னும் அடிக்கடி எம்மிடம் வரக்கூடாதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஆவலோடு கேட்டதற்குப் பதிலாக இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது ஸஹீஹ் புகாரியில் இருக்கிறது. "நாங்கள்" என்ற ஒரு சொல்லைச் சரியாகப் பிடித்தால்தான் அந்தப் பிரிவாற்றாமையின் இனிமையும் விளங்கும்.

இப்போது தாய்மாமாவின் அடுத்த வாதத்தையும் பார்த்துவிடுவோம். விஷயம் தெரிந்தவர் என்றால், "அதே ஸூராவில் 34-ஆம் ஆயத்தில் அல்லாஹ்வே பெண்களின் சூழ்ச்சி என்று சொல்கிறானே" என்பார். உண்மை, யூஸுப் நபியின் துஆவை ஏற்று, "அவர்களின்" சூழ்ச்சியை அவரைவிட்டும் அவன் திருப்பியதாக அங்கே வருகிறது. ளமீர் யார் பக்கம் மீளுகிறது? விருந்துக்கு வந்து கத்தியால் கையை அறுத்துக்கொண்டார்களே, அந்த மாளிகைப் பெண்கள் பக்கம். உங்கள் உம்மா பக்கமோ, ராத்தா பக்கமோ மீளவில்லை.

இன்னும் ஒன்று. சூழ்ச்சிக்கு அரபியில் "கைத்" என்பார்கள் (நம்மூர் போலீஸ் "கைது" அல்ல!). ஸூரா யூஸுபில் அந்தச் சொல் முதன்முதலில் வருவது ஐந்தாவது ஆயத்தில். கனவை உன் சகோதரர்களிடம் சொல்லாதே, உனக்கெதிராகச் சூழ்ச்சி செய்வார்கள் என்று யஃகூப் (அலை) அவர்கள் தம் மகனை எச்சரிக்கிறார்கள். சூழ்ச்சி செய்தவர்கள் ஆண்கள்! பெற்ற தகப்பனை ஏமாற்றி, உடன்பிறந்த தம்பியைக் கிணற்றில் தள்ளி, சட்டையில் பொய் இரத்தம் பூசினார்கள். 76-ஆம் ஆயத்திலோ, யூஸுபுக்காக அந்த உபாயத்தை நாமே செய்தோம் என்று அல்லாஹ் தன் "நாம்" கொண்டே அதே சொல்லை ஆளுகிறான். 52-ஆம் ஆயத்தில் துரோகிகளின் சூழ்ச்சியை அல்லாஹ் ஈடேற விடுவதில்லை என்று வருகிறது. பொதுவான விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டுமானால் இதையல்லவா எடுத்துக்கொள்ள வேண்டும்? அது துரோகத்தைப் பற்றியது.

ஷைத்தானின் சூழ்ச்சி பலவீனமானது என்று அல்லாஹ் ஸூரா நிஸாவில் (4:76) கூறுகிறான். அதை இதோடு சேர்த்து, "ஷைத்தானுடையது பலவீனம், பெண்ணுடையது பிரமாண்டம், ஆகவே பெண் ஷைத்தானைவிட ஆபத்து" என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் சிரிக்கும், பயான் களைகட்டும். ஆனால் ஒன்று இரட்சகனின் சொந்தத் தீர்ப்பு. மற்றொன்று கிழிந்த சட்டையைப் பார்த்து நின்ற மிஸ்ரு மனிதர் ஒருவரின் வாக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது என்ன நியாயம்?

தன்னை எங்கே வைத்துப் பேசுவது என்பதில் நல்லடியார்களின் அதபு வேறு மாதிரி. ஹிள்ரு (அலை) அவர்களின் பேச்சைக் கவனியுங்கள் (18:79-82). ஏழைகளின் படகைப் பழுதாக்கியதைச் சொல்லும்போது "நான் நாடினேன்" என்றார்கள். அநாதைகளின் புதையல் காக்கப்பட்டதைச் சொல்லும்போது "உமது இரட்சகன் நாடினான்" என்றார்கள். பழுது தன் பெயரில், நன்மை அவன் பெயரில். தொழிற்சாலைகளில் வழக்கம் இதற்கு நேர் எதிர் என்று நண்பர்கள் சொல்வார்கள்: உற்பத்தி கூடினால் "நாம் செய்தோம்"; சரக்கு திரும்பி வந்தால் "அவன் செய்தான்", அதுவும் பெரும்பாலும் அந்த நேரம் லீவில் இருப்பவன்!

அஜீஸின் மனைவியின் கதை அந்த வாசலோடு முடிந்துவிடவில்லை. ஜுலைகா என்று நாம் வழங்கும் பெயரைக் குர்ஆன் சொல்லவில்லை. ஆனால் அவருடைய வாக்குமூலத்தைச் சொல்லியிருக்கிறது. ஆண்டுகள் பல கழிந்து, சிறையிலிருக்கும் யூஸுப் நபி, கையை அறுத்துக்கொண்ட அந்தப் பெண்களின் விஷயத்தை முதலில் விசாரிக்கும்படி அரசருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். அரசர் சபையில் கேட்கிறார். அவர் கேட்டது பெண்பால் பன்மையில்: நீங்கள் யூஸுபை இச்சித்தபோது நடந்தது என்ன? பெண்கள் பதில் சொன்னதும் பன்மையில்: அவரிடம் எந்தத் தீங்கையும் நாங்கள் அறியோம். கூட்டத்தோடு கூட்டமாக நின்று "நாங்கள்" என்பதற்குள் அஜீஸின் மனைவியும் மறைந்துகொண்டிருக்கலாம். எவரும் அவரைத் தனியே சுட்டிக் கேட்கவில்லை.

அவர் மறையவில்லை. உண்மை வெளிப்பட்டுவிட்டது என்று தொடங்கி, "அன" என்றார். நான்! அரபியில் வினைச்சொல்லுக்குள்ளேயே "நான்" அடங்கிவிடும். தனியே சொல்லத் தேவையில்லை. முன்பு விருந்து வீட்டில் அந்தப் பெண்களிடையே இதே செய்தியைப் பெருமையாகச் சொன்னபோது (12:32) அவர் தனியே சொல்லவும் இல்லை. அரச சபையில், தன் மானம் போகும் இடத்தில், வினைக்கு முன்னால் "அன" என்று தனியே எடுத்து வைத்துவிட்டு, தான்தான் அவரை இச்சித்ததாகவும் அவர் உண்மையாளர் என்றும் ஒப்புக்கொண்டார். கணவர் வாசலில் வைத்துப் "பெண்களாகிய நீங்கள்" என்று ஓர் இனத்தின் தலையில் ஏற்றியதை, இவர் "நான்" என்று தன் ஒருத்தியின் தலையில் இறக்கிக்கொண்டார்.

இதை அடுத்து வரும் 52, 53-ஆம் ஆயத்துகளில் இன்னொரு "நான்" வருகிறது: மறைவில் நான் துரோகம் செய்யவில்லை என்று அவர் அறிவதற்காக, என் நப்ஸை நான் குற்றமற்றதென்று சொல்லவில்லை, நப்ஸு தீமையைத் தூண்டக்கூடியது. "கூறினார்" என்ற சொல் இடையில் இல்லை. யாருடைய "நான்" இது? யூஸுப் நபியுடையது என்பது ஹிஜ்ரி 310-ல் மறைந்த இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் கொண்ட கருத்து. முன்னோர் பலரும் அப்படியே சொன்னார்கள். அப்படியானால் அது ஒரு நபியின் பணிவு. இல்லை, அந்தப் பெண்ணின் பேச்சே தொடர்கிறது என்பது ஹிஜ்ரி 774-ல் மறைந்த இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்களுக்கு வலுவாகப்பட்டது. யூஸுப் நபி அப்போது சபையில் இல்லை. அவரை என்னிடம் கொண்டு வாருங்கள் என்று அரசர் மீண்டும் சொல்வது அதற்கடுத்த 54-ஆம் ஆயத்தில்தான். அப்படியானால் நம் பயான்களில் நப்ஸைப் பற்றி மிக அதிகமாக ஓதப்படும் அந்த வாக்கு, தவ்பா செய்த ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்தது! இரண்டுக்கும் இடமுண்டு, பெரியவர்கள் இரண்டையும் மரியாதையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் 51-ஆம் ஆயத்தின் "அன" அவருடையதே என்பதில் ஒருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.